மிஸ்ஸி ஒப்படைத்த கார்

எங்கள் பிளாட்டிலிருந்து சாலையைத் தாண்டினால் ஒரு வரிசைத் தரைவீடுகள். அதில் ஓரத்து வீட்டில் ஒரு மிஸ்ஸி இருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன்காரர், கல்யாணம் கட்டாதவர். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் அதுவே பெயராகி, சொந்தப் பெயர் என்ன என்று சுங்கை பினாங்கில் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் மட்டும் மிஸ்ஸியக்கா என்பேன்.

கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் பார்க்கும்படி கட்டியிருப்பார். பேசும்போது முன்னால் இருக்கிற பொருளின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொள்வார், நாடி பார்ப்பதுபோல. மேசையாக இருந்தாலும் சரி, பூசணிக்காயாக இருந்தாலும் சரி.

நோயை அவர் வருத்தம் என்பார். அது அவர்கள் பேச்சு. மனிதருக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் வருத்தம் உண்டு அவருக்கு. பசாரில் மீன்காரன் வவ்வால் மீனைத் தூக்கிக் காட்டி இன்றைக்கு வந்தது என்று ஆரம்பித்தால் அதைக் காதில் வாங்கமாட்டார். இதுக்கு என்ன வருத்தம் என்று கேட்பார். ஒரு வருத்தமும் இல்லை மிஸ்ஸி என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாலில் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது என்று சொல்கிறவனிடம்தான் வாங்குவார். மீன்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டு, நல்ல மீனுக்கே நாலு குறை சொல்லி விற்றார்கள்.

கொடுக்கும்போதும் அப்படித்தான். வீட்டில் வளர்ந்த பூனையை மளிகைக்கடைக்காரருக்குக் கொடுத்தார். பூனையின் முதுகில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, இது எலி பிடிக்காது, சப்பாத்துக்குள் ஒன்றுக்குப் போகும், இடி இடித்தால் துணி அலமாரிக்குள் புகுந்துகொள்ளும், டின் மீன் தவிர வேறு தின்னாது என்று வரிசையாகச் சொன்னார். கடைக்காரர் எலிக்காகத்தான் பூனை கேட்டிருந்தார்.

மிஸ்ஸியக்காவின் தம்பி மகளைப் பெண் பார்க்க வந்தபோது நான்தான் பலகாரம் சுட்டுக்கொடுத்தேன், அதனால் கூடத்தில் இருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, பெண் எப்படி என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறர் என்றால் தங்கம், வைரம் என்று சொல்லியிருப்பார்கள். மிஸ்ஸியக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, விடியப்புறம் எழும்பமாட்டாள், கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துவாள், கறிக்கு உப்புப் போட மறப்பாள், காசு கையில் நிற்காது என்றார். இந்தக் கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று நான் பிளாட் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இது ஆஸ்பத்திரிப் பழக்கம். அவரே ஒருமுறை சொன்னார். வேலை முடிந்து போகிற தாதி, வேலைக்கு வருகிற தாதியைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் ரிப்போர்ட் சொல்லவேண்டுமாம். இவருக்கு ராத்திரி மூச்சு வாங்கும், அவர் மாத்திரையைத் துப்பிவிடுவார், இந்தப் பாட்டி கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார் என்று. 'நல்லா இருக்கிறார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவளை அவர் வீட்டுக்குப் போகவிடமாட்டாராம். நல்லதைச் சொல்லத் தேவையில்லை, அது தன்னாலே தெரியும் என்பார்.

எனக்கு எழுத்து மெல்லத்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். ஆனால் காதில் விழுந்தது மறக்காது. இது பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. யாராவது பேசினால் அதே மாதிரி பேசிக்காட்டுவேன். மிஸ்ஸியக்காவைப் பேசிக்காட்டினால் பிளாட்டுப் பெண்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

அப்போது நான் சாப்பாட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தீவிலிருந்து கடல்பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலை. அங்கே கேண்டீனுக்குக் காலைச் சாப்பாடு என் கையால்தான் போகும். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, அதற்கு மிளகாய்ச் சம்பால், இட்லி, மீஹூன் என்கிற அரிசிச் சேமியா. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் காவல் வேலை முடிந்துபோன பிறகு எங்கள் அடுப்பு எரிந்தது அந்த கேண்டீனால்தான். சாப்பாட்டை ஏற்றிப்போன வேன்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வாடகைக்கு ஆள் பிடித்து இரண்டு முறை நேரம் தப்பியது. கேண்டீன் பார்த்துக்கொண்ட சீனத்தி நல்லவள்தான், ஆனால் பசியோடு வருகிறவர்களுக்கு அவள்தானே பதில் சொல்லவேண்டும். இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு கார் வேண்டும். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் சாமான் வைக்கிற பூட் பெரிதாக இருக்கவேண்டும், பாலத்தில் நிற்கக்கூடாது.

கார் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தீவில் இல்லை என்று எனக்கு நினைப்பு. எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால் என்ன? முதலில் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்க்கவேண்டும், எட்டு வந்தால் திரும்பிப் பார்க்கக்கூடாது. அடுத்து கதவைச் சாத்திக் கேட்கவேண்டும், நல்ல பானையைத் தட்டினால் வருகிற மாதிரி சத்தம் வரவேண்டும். இஞ்சினை மூடியிருக்கிற பொன்னெட்டைத் திறந்தால் பளபளப்பு இருக்கவேண்டும். அடுப்படி சுத்தமாக இருந்தால் சமையல் சுத்தம்தானே. டாஷ்போர்டில் சாமி படம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இவ்வளவும் நான் யாரிடமும் கற்கவில்லை, என் சொந்த மூளை.

அந்தச் சமயத்தில்தான் கண் டாக்டர் மிஸ்ஸியக்காவிடம், இனிக் கார் ஓட்டக்கூடாது என்று சொன்னார். அவருடைய கார் ஒரு பழைய ஜப்பான் கார். சின்னதும் இல்லை, பெரிய முதலாளி காரும் இல்லை, நடுத்தரம். வெள்ளை நிறம் சோற்றுக் கஞ்சி நிறமாகியிருந்தது. விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் நம்பரைக் கூட்டினேன். எட்டு. சரி, தெரிந்தவர் கார், போகட்டும் என்று கதவைச் சாத்தினேன். பானைச் சத்தம் வரவில்லை, தகர டின் சத்தம் வந்தது. பொன்னெட்டைத் திறந்தால் உள்ளே தூசியும் எண்ணெயும். சாமி படமும் இல்லை. அதற்குள் மிஸ்ஸியக்கா பொன்னெட்டின் மேல் இரண்டு விரலை வைத்து ரிப்போர்ட் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"விடியப்புறம் முதல் தரம் இருமும், எழும்பாது. ரெண்டாம் தரம் எழும்பும். கியர் போட்டால் ஒரு உதை உதைக்கும், பயப்படாதே. பெட்ரோல் ஊசி பாதியில நிண்டால் டாங்கி காலி, அது பொய் சொல்லும். பாலத்தில ஜாம் ஆகி ஏர்கோனும் ஓடினால் சூட்டு ஊசி ஏறும். ஏர்கோனை நிப்பாட்டு, கண்ணாடியைத் திற, இஞ்சினை மட்டும் நிப்பாட்டாதே. இறங்கிடும். இடப்பக்கத்துப் பின் கண்ணாடி இறங்காது, இழுத்தியெண்டால் உள்ளுக்கு விழுந்திடும். மழை பெய்தால் பூட்டுக்குள்ள தண்ணி வரும், பழைய துணி போட்டு வை. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை தண்ணி பார்."

நான் காத்திருந்தேன். இனிமேல் நல்லதைச் சொல்வார் என்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. இவருக்கு எனக்கு விற்க மனமில்லை. சட்டியும் சம்பாலும் ஏற்றினால் சீட்டு நாறிவிடும் என்று நினைக்கிறார். அதை நேரே சொல்ல வாயில்லாமல், கேட்கிறவள் ஓடிப்போகட்டும் என்று இல்லாததையெல்லாம் அடுக்குகிறார். வேண்டாம்க்கா, எனக்கு இவ்வளவு நோய்க்கு வைத்தியம் பார்க்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சரி என்றார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நாங்கள் சொல்கிற வருத்தம்.

வீட்டுக்காரர் படி ஏறும்போது, காடி நல்லாத்தான் இருக்கு, ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்று முனகினார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே மாடிப்படியில் கச்சேரி வைத்தேன். கைப்பிடிச் சுவரைக் காராக்கி, அதன்மேல் இரண்டு விரலை வைத்து, விடியப்புறம் முதல் தரம் இருமும் என்று ஆரம்பித்து, வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை தண்ணி பார் என்று முடிப்பேன். முடிவில் உள்மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. கீழ்வீட்டுக்காரி தன் மாமியாரைக் கூட்டிவந்து இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். கோயிலில் கேட்டார்கள். கல்யாண வீட்டில் தேங்காய் துருவும்போது கேட்டார்கள். அந்த மாதம் நான் சுப்ரபாதத்தைவிட அதைத்தான் அதிகம் சொன்னேன்.

கார் பாலத்துக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் கிடைத்தது. பழைய கார் விற்கிற இடம். விற்றவன் நம் ஆள், இளவயசு, நெற்றியில் விபூதி. அக்கா, அக்கா என்று வாய்க்கு வாய். நம்பர் கூட்டினால் ஆறு. கதவு பானைச் சத்தம். பொன்னெட்டைத் திறந்தால் புதுச் சில்வர் பாத்திரம்போல இருந்தது. முன்பு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வைத்திருந்தாராம், பள்ளிக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போகாத காராம். டாஷ்போர்டில் முருகன். என் பரீட்சையில் எல்லாம் பாஸ். மிஸ்ஸியக்கா நினைப்பு வந்து, நான் வேடிக்கைக்காக, இதுக்கு என்ன வருத்தம் தம்பி என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. விளக்கியதும், "குறையா? இந்தக் காடியிலயா? ஒண்ணுகூட இல்லக்கா, என் அம்மாவுக்குக் குடுக்கிற மாதிரி குடுக்கிறேன்லா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயிலில் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலையோடு பிளாட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினோம். வேண்டுமென்றேதான் மிஸ்ஸியக்கா வாசலில் இருந்து தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவர் சாலையைத் தாண்டி வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பொன்னெட்டில் இரண்டு விரல்.

"ரிப்போர்ட் ஆர் தந்தது?"

"குறையே இல்லாத காருக்கு என்னக்கா ரிப்போர்ட்டு?" என்றேன், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

"வருத்தமில்லாத ஆளை ஆரும் வார்ட்டில விட்டிட்டுப் போறதில்லை, தங்கச்சி."

கேசரி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் அந்த வரியையும் என் கச்சேரியில் கடைசியாகச் சேர்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கார் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இன்றைக்கு ஒரு வாசனை, நாளைக்கு ஒரு சத்தம், நாளன்றைக்கு ஒரு சிவப்பு விளக்கு. எது எதனால் என்று எங்களுக்குத் தெரியாது, சொல்லவும் ஆளில்லை. விற்றவனுக்குப் போன் போட்டால் அம்மாவின் குரல் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டுக்காரர் நிற்கும், நிற்கும் என்று பயந்துகொண்டே ஓட்டுவார். நான் முருகனைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஒருநாள் விடியற்காலை சாப்பாடெல்லாம் ஏற்றியாகிவிட்டது. சம்பால் அண்டா, இட்லிப் பெட்டி, மீஹூன் தாலம். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல். இன்னொரு திருப்பு, அதுவும் இல்லை. வீட்டுக்காரர் இறங்கிப் பொன்னெட்டைத் திறந்தார். உள்ளே பளபளவென்றுதான் இருந்தது. டாக்ஸிக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கேண்டீன் சீனத்தி சொன்னது காதிலேயே நின்றது. இன்னொரு முறை. நான் ரோட்டோரத்தில் சம்பால் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்ஸியக்கா ஓய்வு பெற்ற பிறகும் காலை வேலைக்குப் போகிறவர் நேரத்துக்கே எழுந்துவிடுவார். அவர் கார் இன்னும் அங்கேயேதான் நின்றது. யார் வாங்குவார்கள்? வந்தவர்களெல்லாம் ரிப்போர்ட்டில் பாதி கேட்பதற்குள் போய்விட்டார்கள். மீதிப்பேர் என் கச்சேரியைக் கேட்டு வராமலே நின்றுவிட்டார்கள்.

அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் சாவி. நான் வாயைத் திறப்பதற்குள் கேட்டார்:

"ரிப்போர்ட் சொல்லவோ?"

"வேணாம்க்கா, தெரியும்."

"தெரிஞ்சால் சொல்லு பார்ப்பம். கேட்காமல் நான் ஒண்டும் குடுக்கிறதில்லை."

நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார். சரி என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அந்த ரிப்போர்ட்டை எனக்குச் சொந்தக் குரலில் சொல்லத் தெரியாது. இத்தனை நாளும் நான் பாடம் செய்தது அவர் குரலில்தான். விடியப்புறம் முதல் தரம் இருமும், எழும்பாது என்று வாயைத் திறந்ததும் சிலோன் பேச்சுத்தான் வந்தது. என் கை தானாகப் போய் அவர் காரின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டது. எடுக்கப் பார்த்தேன், எடுத்தால் அடுத்த வரி வரவில்லை. மறுபடி வைத்தேன். பெட்ரோல் ஊசி பொய் சொல்லும் என்றபோது அவர் சொல்வதுபோலவே என் புருவம் ஏறியது. மேல்மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. வியாழக்கிழமைத் தண்ணீர்வரை வந்து, கடைசியில் நான் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்கும்போதே என் மணிக்கட்டு திரும்பியது. நான் கடிகாரம்கூடக் கட்டியிருக்கவில்லை.

மிஸ்ஸியக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசிவரை கேட்டார்.

"ஒண்டும் விடேல்லை," என்றார். "படிச்ச பிள்ளையளே பாதியை விடுவினம்." சாவியைக் கொடுத்தார். பிறகு, மாடி ஜன்னலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் உப்பிடியோ கையை வைக்கிறன்?"

நான் குனிந்து சம்பால் அண்டாவைத் தூக்கினேன்.

அண்டாக்களை மாற்றி ஏற்றினோம். முதல் தரம் இருமியது. இரண்டாம் தரம் எழும்பியது. கியர் போட்டதும் ஓர் உதை, வீட்டுக்காரர் தலை ஆடியது. பாலத்தில் ஏறினால் ஜாம். முன்னால் எங்கோ லாரி நின்றுவிட்டது. சூட்டு ஊசி ஏறத் தொடங்கியது. மற்ற காராக இருந்தால் எனக்கு உயிர் போயிருக்கும். ஏர்கோனை நிப்பாட்டுங்க, கண்ணாடியைத் திறங்க, இஞ்சினை மட்டும் நிப்பாட்டாதீங்க என்றேன், பரம்பரையாகக் கார் ஓட்டுகிறவள்போல. ஊசி யோசித்தது. பிறகு இறங்கியது. வேர்வையில் நனைந்து, சம்பால் வாசனையோடு சிம்பாங் அம்பாட்டில் போய் இறங்கினபோது தொழிலாளிகள் அப்போதுதான் கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். வழியெல்லாம் அந்தக் கார், மிஸ்ஸியக்கா சொன்ன வருத்தம் எல்லாவற்றையும் பட்டது. சொல்லாத வருத்தம் எதையும் படவில்லை.

முருகன் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றக் காரைப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளினோம். மிஸ்ஸியக்காவிடம் விலை பேசப் போனேன். முன்பு சொன்ன விலைதான் சொன்னார். எட்டாம் நம்பர் கார் என் வீட்டுக்கு வந்தது. அதற்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஆனால் மாலை போடவில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறதே.

அந்தக் காரை வைத்துக்கொண்டு பல வருடம் வியாபாரம் செய்தேன். இருமும், உதைக்கும், ஒழுகும். ஒருநாளும் என்னைப் பாலத்தில் விட்டதில்லை.

மிஸ்ஸியக்காவுக்குக் கண் இன்னும் மங்கியபோது, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அந்தத் தம்பி மகள் வந்தாள், உப்புப் போட மறக்கிறவள். இனித் தனியாக இருக்கவேண்டாம் என்று கூட்டிப்போக. எங்கள் காரில்தான் போனோம். முன்னால் வீட்டுக்காரரும் நானும். பின்னால் மிஸ்ஸியக்கா இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் கண்ணாடி இறங்காதுக்கா, வெக்கையாக இருக்கும் என்றேன். எனக்குச் சொல்லித்தாறியோ என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

வீடு போய்ச் சேர்ந்ததும் தம்பி மகளைக் கூப்பிட்டு, தன் நெஞ்சின்மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ரிப்போர்ட் சொன்னார். வலது காது கேளாது. சாயங்காலம் ஆனால் சிடுசிடுப்பேன். தேத்தண்ணீருக்குச் சீனி களவெடுப்பேன், பார்த்துக்கொள். விழுந்தால் விழுந்தேன் என்று சொல்லமாட்டேன். ராத்திரியில் ஆரையும் எழுப்பமாட்டேன், நீயாகத்தான் வந்து பார்க்கவேணும். அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, நல்லதும் நாலு சொல்லலாமே என்று.

நான் புறப்பட எழுந்தேன். மிஸ்ஸியக்கா என் கையைப் பிடித்தார். பிடித்தார் என்றா சொன்னேன், இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தார்.

"இவ என்ர தங்கச்சி," என்றார் அந்தப் பெண்ணிடம். "பெருமை கூட. முதல் தரம் சொன்னால் கேளாள், ரெண்டாம் தரம் கேட்பாள். எல்லாரையும்போலப் பேசிக்காட்டுவாள். தனக்குத் தேவையெண்டால் வாய் திறந்து கேட்கமாட்டாள், நீதான் பார்த்துக் குடுக்கவேணும். இடைக்கிடை போன் எடு."

அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தார்.

எனக்குக் கோபமான கோபம். இத்தனை வருடம் கேசரியும் இட்லியும் கொண்டுபோய்க் கொடுத்தவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இல்லை. பாலம்வரை அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர், "ஒண்ணையும் விடல பார்த்தியா" என்றார். பாலத்தில் ஜாம். ஊசி ஏறியது. ஏர்கோனை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பின்கண்ணாடியைத் திறக்கத் திரும்பினேன். வலப்பக்கம் திறந்தது. இடப்பக்கம் அவர் உட்கார்ந்த இடத்தில் சீட்டு இன்னும் கொஞ்சம் அமுங்கியே இருந்தது. அந்தக் கண்ணாடியை நான் தொடவில்லை.